காலப் பயணமும் புதிரும்: உரைச் சாகச விளையாட்டின் ஆக்கம்

உரைச் சாகச விளையாட்டு என்பது எழுத்தை மட்டும் கொண்டு இயங்கும் கணினி விளையாட்டாகும். விளையாடுபவர் நிற்கும் இடத்தைத் திரை ஒரு பத்தியில் விவரிக்க, அவர் தாம் செய்ய விரும்புவதைக் ‘கதவைத் திற’, ‘விளக்கை எடு’ என்பன போன்ற சிறு கட்டளைகளாகத் தட்டச்சு செய்கிறார். பார்சர் எனப்படும் நிரற்பகுதி அக்கட்டளையை வினை என்றும் பொருள் என்றும் பிரித்தறிந்து, அதன் விளைவையும் எழுத்தாகவே தருகிறது. அமெரிக்க நிரலாளரும் குகை ஆய்வாளருமான வில் க்ரௌதர் கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைத் தொகுதியை அடியொற்றி 1970களின் நடுவில் எழுதிய ‘அட்வெஞ்சர்’ இவ்வகையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டான் வுட்ஸ் 1977இல் அதனை விரிவாக்கினார். அதே ஆண்டில் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் உருவாகத் தொடங்கிய ‘ஸோர்க்’ இவ்வடிவத்தை மேலும் வளர்த்தது. அதனை ஆக்கியோர் உள்ளிட்ட குழுவினர் 1979இல் இன்ஃபோகாம் என்ற நிறுவனத்தை நிறுவினர். அடுத்த பத்தாண்டுகளில் காலப் பயணத்தைப் புதிராக்கும் வழிகளுள் பெரும்பாலானவற்றை அந்நிறுவனத்தின் ஆசிரியர்களே முதலில் முயன்று பார்த்தனர் எனலாம்.

இவ்விளையாட்டுகளின் கதைக்குள் கால இயந்திரம் நுழைவதற்கு முன்பே அவற்றின் இயக்கத்தில் காலப் பயணம் இடம்பெற்றிருந்தது என்பதே இங்கு முதலில் நோக்கத்தக்கது. விளையாட்டின் நிலையைக் கோப்பாகச் சேமித்துவைத்து, தவறு நேர்ந்தபின் அக்கோப்பை ஏற்றிப் பழைய கணத்துக்குத் திரும்பும் வசதி தொடக்க காலத்திலேயே இருந்தது. கடைசி அடியை மட்டும் நீக்கும் கட்டளை 1980களின் பிற்பகுதியில் இன்ஃபோகாமின் விளையாட்டுகளில் சேர்ந்தது. கதைமாந்தர் இருட்டறையில் இறந்துபோகிறார். விளையாடுபவர் பழைய கோப்பை ஏற்றி, கதைமாந்தருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லாத அறிவுடன் அதே அறையை அணுகி உயிர்பிழைக்கிறார். மார்க் பிளாங்க் எழுதிய ‘டெட்லைன்’ (1982) என்னும் துப்பறியும் விளையாட்டு இவ்வியல்பின் மேல் கட்டப்பட்டதென்றே கூறலாம். குற்றத்தைக் கண்டறியப் பன்னிரண்டு மணி நேரம் மட்டும் தரப்பட்டிருக்க, வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும் தத்தம் கால அட்டவணைப்படி நடமாடுவதால், ஒரே முறையில் அனைத்தையும் காண இயலாது. அதே நாளைப் பலமுறை வாழ்ந்து பார்ப்பவருக்கே உண்மை புலனாகும். கதையில் கால இயந்திரம் என்ற பேச்சே இல்லை.

ஆகவே காலப் பயணத்தைக் கருவாகக் கொண்டு இத்தகைய விளையாட்டை ஆக்க முற்படுபவர் முதலில் தீர்மானிக்கவேண்டியது இயந்திரத்தின் வடிவமோ செல்லவேண்டிய நூற்றாண்டோ அன்று. விளையாடுபவரிடம் ஏற்கெனவே இருக்கும் கால இயந்திரத்திலிருந்து கதையில் வரும் கால இயந்திரம் எவ்வகையில் வேறுபடுகிறது என்பதே தலையாய வினா. அவ்வேறுபாடு காலத்தைக் கடந்து செல்ல எது அனுமதிக்கப்படுகிறது என்பதில் அடங்கியுள்ளது: பொருள் கடக்கலாம், செய்தி கடக்கலாம், அல்லது ஒரு செயலின் விளைவு மட்டும் கடக்கலாம். மூன்றையும் ஒருசேரத் தடையின்றி அனுமதித்த இடத்தில் புதிர் இருப்பதில்லை. ஏதேனும் ஒன்றைத் தடுத்த இடத்திலேயே அது பிறக்கிறது.

‘ஸோர்க்’ வரிசையின் மூன்றாம் பாகம் (1982) இதற்குத் தெளிவான சான்று. அதில் வரும் அரச அருங்காட்சியகத்தில் ஒரு கால இயந்திரம் காட்சிப்பொருளாக நிற்கிறது. விளையாடுபவருக்கு வேண்டிய மோதிரமோ அரசமணிகளுடன் அணுகமுடியாத நிலையில் உள்ளது. இயந்திரத்தை அணிகலன்கள் இருக்கும் அறைக்குத் தள்ளிச் சென்று, 776ஆம் ஆண்டை — அக்கற்பனை நாட்டின் ஆண்டுக் கணக்கில் — முள்ளில் வைத்துப் பின்னோக்கிச் செல்லலாம். ஆனால் பயணத்தின்போது கையில் எதையும் கொண்டுவர இயலாது. இத்தடையே புதிரின் உயிர். மோதிரத்தை இயந்திர இருக்கையின் அடியில் ஒளித்துவைத்துவிட்டு வெறுங்கையுடன் திரும்ப வேண்டும். இயந்திரமும் அதே அருங்காட்சியகத்தின் பொருளாதலால், அது சாதாரணக் காலத்தின் வழியாகவே ஆண்டுகளைக் கடந்து வந்து, இருக்கைக்கு அடியில் மோதிரத்துடன் காத்திருக்கிறது. பொருள் பயணம் செய்யவில்லை, காத்திருந்தது. இந்த வேறுபாட்டைத் தாமாகவே உணரும் கணத்தில் விளையாடுபவர் அடையும் நிறைவு, கால இயந்திரம் என்ற சொல்லின் கவர்ச்சியால் வருவதன்று. சிக்கனமான ஒரு விதியை அதன் எல்லைவரை சிந்தித்ததால் வருவது.

செய்தி கடப்பதற்கு ஸ்டீவ் மெரெட்ஸ்கியின் ‘சார்சரர்’ (1984) எடுத்துக்காட்டாகும். நிலக்கரிச் சுரங்கப் பகுதி ஒன்றில் விளையாடுபவர் முன் அவருடைய மூத்த வடிவமே தோன்றி, பூட்டிய கதவைத் திறப்பதற்கான எண்ணைச் சொல்கிறது. சற்றுநேரம் கழிந்தபின், காலத்தில் பின்னோக்கிச் செல்லும் மந்திரத்தைப் பயன்படுத்தும் விளையாடுபவர் தாமே அந்த மூத்த வடிவமாகிவிட, எதிரே நிற்கும் இளைய வடிவத்திடம் அதே எண்ணைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிடில் முரண்பாடு தோன்றி எல்லாம் குலையும். அந்த எண்ணை முதன்முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் விடை கிடையாது. தொடக்கமின்றி வட்டமாகச் சுழலும் இத்தகைய செய்தியை அறிவியல் புனைகதை மரபு 1940களிலிருந்தே அறியும். ராபர்ட் ஹைன்லைனின் 1941ஆம் ஆண்டுச் சிறுகதை ஒன்று இதற்குப் பெயரே தந்தது. எனினும் சிறுகதையில் வாசகர் பார்வையாளராக மட்டும் இருக்க, விளையாட்டில் அவரே வட்டத்தை மூடும் பொறுப்பை ஏற்கிறார். முதல் முறை புரியாமல் கேட்ட பேச்சை இரண்டாம் முறை தாமே தட்டச்சு செய்யும் அனுபவம் அச்சுக்கதையால் தரமுடியாத ஒன்று.

விளைவு கடப்பது இவற்றினும் எளிமையானதாகத் தோன்றினும் ஆக்குபவருக்கு அதிக உழைப்பைக் கோருவது. ஒரு காலத்தில் நட்ட விதை பிற்காலத்தில் மரமாவதும், ஒரு காலத்தில் தோண்டிய வாய்க்கால் பிற்காலத்தில் வழியாவதும் இவ்வகையின் அடிப்படை அமைப்புகள். இங்கே எழுத்து வடிவத்துக்கு ஒரு தனி ஆதாயம் உண்டு. படத்தால் இயங்கும் விளையாட்டில் ஒரே தெருவை மூன்று காலங்களில் காட்ட வேண்டுமாயின் மூன்று முறை வரைந்தாக வேண்டும். 1993இல் லூகாஸ்ஆர்ட்ஸ் வெளியிட்ட ‘டே ஆஃப் த டென்டக்கிள்’ ஒரே மாளிகையை இருநூறு ஆண்டுகள் முன்னும் பின்னுமாக மூன்று காலங்களில் வரைந்து காட்டிப் பெருவெற்றி பெற்றது என்பதும், அதற்கு ஓவியர் குழு ஒன்று தேவைப்பட்டது என்பதும் உண்மை. எழுத்திலோ ஒரு சொற்றொடரை மாற்றினால் போதும். மெரெட்ஸ்கியே எழுதிய ‘எ மைண்ட் ஃபார்எவர் வாயேஜிங்’ (1985) அமெரிக்காவின் ராக்வில் என்னும் கற்பனை நகரை 2041 முதல் 2081 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை உருவகப்படுத்தி, அதே தெருக்கள், அதே வீடு, அதே குடும்பம் சிதைவதைக் காட்டுகிறது. அதில் புதிர்கள் மிகக் குறைவு. நகரைச் சுற்றிப் பார்த்துப் பதிவு செய்வதே பணி. புதிரை விரும்புவோர் அதனைக் குறையாகக் கருதலாம். ஆனால் ஒரே இடத்தின் விவரணையைக் காலத்துக்கேற்ப மாற்றி எழுதுவதன் வலிமையை அதைப்போல் நிறுவிய ஆக்கம் வேறொன்று அரிது.

மறுபுறம், உலக வரலாறு முழுவதையும் களமாக்கும் ஆசை இத்துறையை விடாது தொடர்ந்துள்ளது. ராபர்ட்டா வில்லியம்ஸ் 1982இல் ஆக்கிய ‘டைம் ஸோன்’, படங்களுடன் கூடியதாயினும் தட்டச்சுக் கட்டளையால் இயங்குவது. இருபுறமும் பதியப்பட்ட ஆறு ஃப்ளாப்பி வட்டுகளில், ஏறத்தாழ 1,500 காட்சிகளுடன், ஏறக்குறைய 100 டாலர் விலையில் அது விற்பனைக்கு வந்தது. கண்டங்களையும் யுகங்களையும் கடந்து செல்லும் அவ்விளையாட்டின் பெரும்பகுதி ஒன்றும் நிகழாத வெற்றிடங்களாகவே உள்ளது. பாப் பேட்ஸ் எழுதி லெஜண்ட் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ‘டைம்க்வெஸ்ட்’ இதனைவிட ஒழுங்கானது: ரோம், கெய்ரோ, பாக்தாத், பீகிங், டோவர், மெக்சிகோ ஆகிய ஆறு இடங்களையும் கி.மு. 1361 முதல் கி.பி. 1940 வரையிலான ஒன்பது ஆண்டுகளையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஐம்பத்து நான்கு கட்டங்களாக்கி, துரோகி ஒருவன் குலைத்த பத்து வரலாற்று நிகழ்ச்சிகளைச் சரிசெய்யும் பணியை விளையாடுபவரிடம் ஒப்படைக்கிறது. கட்டமைப்பில் அழகுண்டு. ஆயினும் இவ்விரண்டிலும் காலம் என்பது பெரும்பாலும் இடமாகவே பயன்படுகிறது, கி.மு. 44ஆம் ஆண்டின் ரோம் என்பது கதவைத் திறந்தால் வரும் இன்னோர் அறை, அவ்வளவே. அடுத்த அறையில் கிடைத்த சாவியால் இந்த அறையின் பெட்டியைத் திறப்பதற்கும், அடுத்த நூற்றாண்டில் கிடைத்த சாவியால் இந்த நூற்றாண்டின் பெட்டியைத் திறப்பதற்கும் வேறுபாடில்லையெனில் அங்கே காலப் பயணம் இல்லை, ஆடை மாற்றமே உண்டு.

வரலாற்றைக் களமாக்கியும் இக்குறையைக் கடந்தவை என இரு ஆக்கங்களைச் சுட்டலாம். பிரையன் மோரியார்ட்டியின் ‘ட்ரினிட்டி’ (1986) மூன்றாம் உலகப்போர் மூளும் நாளில் லண்டனின் கென்சிங்டன் பூங்காவில் தொடங்குகிறது. அணுகுண்டு விழும் நொடியில் தப்பும் விளையாடுபவர், பெருங்காளான்கள் நிறைந்த ஒரு மாயநிலத்தை அடைகிறார். ஒவ்வொரு காளானின் கதவும் ஓர் அணுவெடிப்பின் இடத்துக்கும் கணத்துக்கும் திறக்கிறது. ஒரு பெருஞ்சூரியக் கடிகாரத்தின் நிழலே எக்கதவு எப்போது திறக்கும் என்பதை முடிவுசெய்கிறது. நாகசாகியும் பசிபிக் தீவும் அதில் வருகின்றன. இறுதியில் 1945 ஜூலை 16ஆம் நாள் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் நடந்த முதற்சோதனையின் களம் வருகிறது. அச்சோதனையைக் குலைக்க முயலும் விளையாடுபவரின் செயலே, பேரழிவாகியிருக்கக்கூடிய வெடிப்பை வரலாறு அறிந்த அளவுக்குக் குறைத்தது என்று தெரியவருகிறது. கதை மீண்டும் பூங்காவுக்கே திரும்புகிறது. வரலாற்றை மாற்றச் சென்றவரே வரலாற்றை ஆக்கியவர் என்னும் இம்முடிவு விளையாடுபவரின் வெற்றியைத் தோல்வியாக்குகிறது. அக்காலத்தின் வணிக விளையாட்டு ஒன்று இதற்குத் துணிந்தது வியப்புக்குரியது.

கணிதவியலாளரான கிரஹாம் நெல்சன் எழுதிய ‘ஜிக்சா’ (1995) வேறொரு வழியில் செல்கிறது. 1999ஆம் ஆண்டின் கடைசி இரவில் தொடங்கி, படத்துண்டுப் புதிரின் துண்டுகள் வழியாக இருபதாம் நூற்றாண்டின் திருப்புமுனைகளுக்கு அழைத்துச் செல்லும் அதில், ‘பிளாக்’ எனப்படும் மற்றொரு பயணி அந்நூற்றாண்டின் துயரங்களைத் தடுக்க முனைய, அவற்றை நடந்தபடியே நடக்கச் செய்வது விளையாடுபவரின் கடமையாகிறது. புதிரை அவிழ்ப்பதே பேரழிவுக்குத் துணைபோவதாகும் நிலை இது. பிளாக் ஆணா பெண்ணா என்பதைக் கடைசிவரை கூறாமல், இருவருக்கிடையே காதலையும் வளர்க்கிறார் ஆசிரியர். புதிர்கள் பல இடங்களில் அளவுக்கு மீறிக் கடினமானவை என்னும் குறையையும் மறுப்பதற்கில்லை. சாகச விளையாட்டில் கதையும் குறுக்கெழுத்துப் புதிரும் ஒன்றோடொன்று போரிடுகின்றன என்று கருதியவர் நெல்சன். தம் ஆக்கத்திலேயே அப்போரில் பல முறை அவர் புதிரின் பக்கம் சாய்ந்துவிட்டார்.

இதுவரை கண்டவற்றில் முரண்பாடு என்பது ஆசிரியர் முன்கூட்டி எழுதிவைத்த ஓரிரு இடங்களில் மட்டும் எழுவது. முரண்பாட்டை விளையாட்டின் பொது விதியாக்கியது ‘ஆல் திங்ஸ் டிவவர்ஸ்’ (2004) என்னும் சிறிய ஆக்கமாகும். பிற்காலத்தில் தத்துவவியலாளராக அறியப்பட்ட டோபி ஆர்ட் இதனைப் புனைபெயரில் வெளியிட்டார். கடந்த காலத்துக்குச் சென்று தன் முன்னோரைக் கொன்றால் கொன்றவன் பிறந்தது எப்படி என்னும் வினாவை, பிரெஞ்சு எழுத்தாளர் ரெனே பார்ஜாவெல் 1943ஆம் ஆண்டு நாவலில் கையாண்டார். ‘தாத்தா முரண்’ என்று வழங்கும் அதற்கு ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் 1980களில் அளித்த விடை, தன்னோடு தானே முரண்படும் நிகழ்ச்சி எதுவும் நடைபெறவே முடியாது என்பதாகும். ஆர்டின் விளையாட்டு இக்கொள்கையைத் தண்டனையாக மாற்றுகிறது. இரவில் ஆய்வுக்கூடத்துள் நுழைந்து கால இயந்திரத்தின் முன்மாதிரியை அழிக்க வேண்டிய விளையாடுபவர், அதே இயந்திரத்தால் சற்றுமுன்னுள்ள நேரத்துக்குச் செல்லும்போது, கட்டடத்தில் இப்போது இருவர் இருக்கின்றனர். முந்தைய தாம் பூட்டியிருக்கக் கண்ட கதவைப் பிந்தைய தாம் முன்பே திறந்துவைத்துவிட்டால், முந்தையவர் அதைத் திறந்தநிலையில் கண்டிருக்க வேண்டுமல்லவா? அத்தகைய எந்தப் பொருத்தமின்மையும் விளையாட்டை முடித்துவிடுகிறது.

இதனை நிரலாக்கும் முறையை அறிவது பயனுடையது. சாதாரண உரைச் சாகச விளையாட்டில் உலகின் நிலை என்பது நிலைக்குறிகளின் தொகுப்பு. கதவு திறந்துள்ளதா, விளக்கு எரிகிறதா என ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்ற மதிப்பு இருக்கும். காலப் பயணத்தில் அம்மதிப்பு எந்த நேரத்தில் என்பதையும் சேர்த்தே வைக்க வேண்டும். முதல் முறை விளையாடுபவர் செய்தது, கண்டது ஆகிய ஒவ்வொன்றையும் நேரத்துடன் பதிந்துவைத்து, அவர் பின்னோக்கிச் சென்றபின் அப்பதிவை அடியடியாக மீண்டும் இயக்கி, இரண்டாமவர் மாற்றிய உலகில் முதலாமவர் கண்டிருக்கக்கூடியது பதிவுடன் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வோர் அடியிலும் சரிபார்ப்பதே நேரிய வழி. பத்து நிலைக்குறிகள் இருந்தாலே 1,024 வகையான உலகநிலைகள் தோன்றக்கூடும். மூன்று காலங்கள், மூன்று வடிவங்கள் என்று பெருகினால் எந்த ஆசிரியராலும் அனைத்துக்கும் பொருத்தமான எழுத்தை எழுதிவைக்க முடியாது. ஆர்டின் களம் ஒரு சிறு கட்டடமாகவும், பயணம் சில நிமிட அளவினதாகவும் இருப்பது தற்செயலன்று. முழுமையான விதிக்குச் சிறிய உலகமே இடம்தரும்.

காலச் சுழல் என்பது இதற்கு நேர்மாறான உத்தி. ஒவ்வொரு முறையும் உலகம் தொடக்கநிலைக்குத் திரும்பிவிடுவதால் பொருளும் விளைவும் கடப்பதில்லை. விளையாடுபவரின் நினைவு மட்டும் கடக்கிறது. நிலைக்குறிகள் ஒவ்வொரு சுற்றிலும் அழிவதால் நிரலாளரின் சுமையும் பெருமளவு குறைகிறது. ஆண்ட்ரூ பான்டியஸின் ‘ரீமேட்ச்’ (2000) இவ்வுத்தியை அதன் கடைசி எல்லைக்கே கொண்டுசென்றது: ஒரு வாகனம் விளையாட்டுக்கூடத்தின் சன்னலை உடைத்துப் பாயும் கணத்துக்கு முன் ஒரே ஒரு கட்டளைக்கு மட்டும் இடமுண்டு, பல முறை இறந்து இறந்து சூழலைக் கற்று, அனைவரையும் காக்கும் ஒற்றை நீண்ட கட்டளையைக் கட்டமைப்பதே விளையாட்டு. திரும்பத் திரும்பச் செய்வதன் சலிப்பு இவ்வகையின் பெருங்குறை. ஆண்ட்ரூ பிளாட்கின் ‘ஹேடியன் லேண்ட்ஸ்’ (2014) என்னும் ஆக்கத்தில் அதற்குச் சிறந்த தீர்வு கண்டார்; உலகம் தொடக்கநிலைக்குத் திரும்பினாலும், ஒருமுறை அவிழ்த்த புதிரின் படிகளை நிரல் நினைவில் வைத்து, இலக்கைச் சொன்னவுடன் இடைப்பட்ட அனைத்தையும் தானே செய்துமுடிக்கிறது. கற்றதை மறுபடி தட்டச்சு செய்வது உழைப்பேயன்றிச் சிந்தனையன்று என்ற தெளிவு இதன் அடிப்படை.

நியாயம் என்னும் கூறும் இங்கு எழுகிறது. விளையாடுபவர் அறியாமலே வெல்லமுடியாத நிலைக்குச் சென்றுவிடுவது பழைய விளையாட்டுகளில் வழக்கம். இதனை அளக்கப் பிளாட்கின் ஐந்து படிகள் கொண்ட கொடுமை அளவுகோல் ஒன்றை வகுத்தார். அதன் ஒரு முனையில் ஒருபோதும் சிக்கிக்கொள்ள இயலாத விளையாட்டும், மறுமுனையில் சிக்கிக்கொண்டதே தெரியாமல் நெடுநேரம் ஆடவைக்கும் விளையாட்டும் நிற்கின்றன. காலப் பயணம் இவ்விடரை இருமடங்காக்குகிறது. முற்காலத்தில் செய்யத் தவறியது பிற்காலத்தில்தான் தெரியும். ஆனால் திரும்பிச் சென்று திருத்தும் வாய்ப்பையும் அதுவே தருகிறது. ஆகவே பயணத்துக்கு வரம்பு வைக்காத விளையாட்டில் தவறுக்கு விலையில்லை. மிகக் கடுமையான வரம்பு வைத்த விளையாட்டில் விளையாடுபவர் கதையின் இயந்திரத்தைக் கைவிட்டுச் சேமித்த கோப்பையே நாடுவார். இரண்டாவது நேர்ந்தால் கதையின் கால இயந்திரம் தோற்றுவிட்டது என்று பொருள்.

கருவிகளைப் பொறுத்தவரை இன்று தடையேதுமில்லை. நெல்சன் 1993இல் வெளியிட்ட இன்ஃபார்ம் மொழி, அதன் ஏழாம் வடிவில் (2006) ஆங்கில வாக்கியங்களைப் போலவே நிரலை எழுத இடந்தருகிறது. ஆடிப்பார்த்த கட்டளைத் தொடர்கள் அனைத்தையும் கிளைபிரியும் மரமாக வரைந்துகாட்டும் வசதியும் அதிலுண்டு. காலப் பயண விளையாட்டைச் சோதிப்பவருக்கு அது பெருந்துணை. எந்தக் கிளையில் வரலாறு முரண்பட்டது என்பதை விரல்வைத்துச் சுட்டலாம். கட்டளை தட்டச்சு வேண்டாம், இணைப்புகளைத் தேர்ந்தால் போதும் என்போருக்குக் கிறிஸ் கிளிமாஸின் ட்வைன் (2009) உள்ளது. ஆயினும் தெரிவுகளைத் திரையிலேயே அடுக்கிக்காட்டும் வடிவத்தில், மோதிரத்தை இருக்கையின் அடியில் வைக்கலாம் என்பதைத் தாமே கண்டுபிடிக்கும் வாய்ப்பு போய்விடுகிறது. புதிரே நோக்கமாயின் பார்சரைக் கைவிடுவது இழப்பு.

தமிழில் இத்தகைய விளையாட்டை ஆக்க நினைப்பவர் சந்திக்கும் சிக்கல் காலம் பற்றியதன்று, பார்சர் பற்றியதே. இன்ஃபோகாம் வகுத்த பழைய அமைப்பின் சொற்பட்டியல் ஒரு சொல்லின் முதல் ஆறு எழுத்துகளையும், பின்னைய வடிவங்களில் ஒன்பதையும் மட்டுமே ஒப்பிட்டது. பிளாட்கின் 1999இல் உருவாக்கிய குளக்ஸ் அமைப்பு யூனிகோடை ஏற்பதால் அத்தடை நீங்கிற்று. தமிழின் வேற்றுமை உருபுகள் ஒருவகையில் உதவியே செய்கின்றன: ‘சாவியால் பெட்டியைத் திற’, ‘பெட்டியைச் சாவியால் திற’ இரண்டிலும் எது கருவி, எது செயப்படுபொருள் என்பதை உருபே காட்டிவிடுகிறது, சொல்வரிசையைக் கணிக்க வேண்டியதில்லை. மறுபுறம், ‘பெட்டியைத்’ என்பதிலுள்ள ஒற்றை நீக்கவும், மரம் ‘மரத்தை’ ஆவதையும் கிணறு ‘கிணற்றில்’ ஆவதையும் வீடு ‘வீட்டுக்கு’ ஆவதையும் பெயரோடு இணைத்தறியவும், எழுத்துத் தமிழோடு ‘கதவத் தொற’ என்னும் பேச்சு வடிவத்தையும் ஏற்கவும் நிரல் பழக வேண்டும். சில நூறு பெயர்களும் ஐம்பது வினைகளும் கொண்ட ஒரு சிறு விளையாட்டுக்கு இவ்விதிகளை எழுதுவது தனி ஒருவரால் செய்து முடிக்கத்தக்க வேலையே. கணினித்துறையிலும் இலக்கணத்திலும் பழக்கமுள்ளோர் அதனை எழுதிப் பொதுப்பயனுக்குத் திறந்து வைப்பார்களாயின், அடுத்து வருபவர் புதிரிலிருந்தே தம் வேலையைத் தொடங்கலாம்.